நகத்தில் பட்ட பந்து

1

இந்த வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலியில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. இந்த ஆண்டு வாலிபால் போட்டிக்கான விதிமுறைகள், கூடவே ஆங்கிலக் கலைச்சொல் அகராதி, திருத்திய பதிப்பு. போன வருஷம் பதினொரு பக்கம் இருந்தது. இந்த வருஷம் பதினான்கு. கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு புது விதி: ஆட்டக்காரர்கள், நடுவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் எவரும் ஆட்டத்தின்போதோ விசாரணையின்போதோ தன்னிச்சையாகக் கையைத் தூக்கக் கூடாது.

வாலிபாலில் கையைத் தூக்காமல் எப்படி ஆடுவது என்று யாரும் கேட்கவில்லை. நாற்பத்தேழு பேர் கட்டைவிரல் படம் போட்டிருந்தார்கள். என் மனைவி செல்வி அடுப்படியில் நின்றபடியே அதைப் படித்துவிட்டு, "ஒங்க பேர மட்டுந்தான் போடல, மத்ததெல்லாம் போட்டுட்டாங்க" என்றாள். உண்மைதான். இந்த விதி பிறந்ததற்கு நான் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் மகள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் முதலில் சிரிப்பீர்கள் என்று தெரியும். புனே என்ன வெளிநாடா, ஒரே ரயிலில் ஏறிப் படுத்தால் மறுநாள் வந்துவிடுமே, இதற்கெல்லாம் புலம்பெயர் அனுபவம் என்று எழுத வேண்டுமா என்று என் மச்சான் போன வாரம் போனில் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கனடா போனவனுக்கு ஒரு மொழி தெரியாமல் போகும். எனக்கு இங்கே காலையில் பால்காரரிடம் மராட்டி, பத்து மணிக்குத் தொழிற்சாலையில் இந்தி, மாலையில் சங்கத்தில் இங்கிலீஷ், எல்லாமே அரைகுறை. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. தமிழ் மட்டும் முழுசாக இருந்தது. அதுவும் இப்போது செல்வியிடம் திட்டு வாங்கத்தான் பயன்படுகிறது.

புனேயின் ஓரத்தில் வாகடில் இருக்கிறோம். எங்கள் குடியிருப்புக்கு ஏதோ ஓர் ஐரோப்பிய ஏரியின் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் டேங்கரில் வருகிறது. ஆறு கோபுரங்கள். ஹிஞ்சவடி ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. நான் பிம்ப்ரி பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். லிஃப்டில் என்னைப் பார்த்தால், "அங்கிள், நீங்க எந்த டெக்னாலஜி?" என்று கேட்பார்கள். இரும்பு என்பேன்.

2

போன வருஷம்தான் அந்தப் பரீட்சை வந்தது. அதற்கு முந்தைய போட்டிகளில் ஒவ்வொரு பந்துக்கும் சண்டை. கோலாப்பூர்க்காரர் ஒரு விதி சொல்வார், பாட்னாக்காரர் வேறு சொல்வார். விளையாட்டுக் குழுத் தலைவர் தேஷ்பாண்டே இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். எல்லோரும் ஒரே இங்கிலீஷ் சொல்லைப் பேசினால் சண்டையே வராது. ஆகவே அகராதி. அகராதியைப் படித்தார்களா என்று பார்க்க எழுத்துத் தேர்வு. முப்பது கேள்வி, தேர்ச்சிக்குப் பதினெட்டு. தேறாதவர் ஆட முடியாது. முதல் மதிப்பெண் வாங்குகிறவர் இறுதிப் போட்டிக்கு நடுவர், அவருக்குச் சங்கத்தின் முத்திரையோடு சான்றிதழ்.

தேஷ்பாண்டே ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இங்கே தெற்கிலிருந்து வந்த ஆண்பிள்ளை எல்லாருமே அண்ணாதான், இட்லிக் கடைக்காரரிலிருந்து. நானும் பழகிக்கொண்டேன்.

தேர்வைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. எனக்குத் தெரியாத வாலிபாலா என்ற திமிர். உடன்குடி பக்கம் எங்கள் ஊரில் வாலிபால்தான் இங்கிலீஷ். வேறு இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் பூஸ்டர். அடிக்கிறவன் ஸ்மாஷர். அடிப்பதுபோல ஓங்கிவிட்டுப் பூப்போல ஓரமாக வைத்தால் பிளேசிங். பந்து கையில் ஒரு கணம் தங்கினால் ஹோல்டிங். மீன் கூடையோடு தாண்டிப் போகிற ஆத்தாகூட நின்று பார்த்துவிட்டு, "ஹோல்டிங்லே, என்ன கள்ள ஆட்டம் ஆடுத" என்று சொல்லிவிட்டுப் போகும். நான் பதினாலு வயதிலிருந்து பூஸ்டர். பள்ளிக்கூடத்துக்கு, ஊருக்கு, பாலிடெக்னிக்குக்கு, இங்கே வந்த புதிதில் தொழிற்சாலை அணிக்கு.

முதல் கேள்வி: அடிப்பவருக்குப் பந்தை அமைத்துத் தருபவரின் பெயர் என்ன? பூஸ்டர் என்று எழுதினேன். தவறு. செட்டராம். இரண்டாவது: இரண்டு முன்கைகளையும் சேர்த்துத் தாழ்வான பந்தை எடுப்பதன் பெயர் என்ன? அண்டர்ஹேண்ட் என்று எழுதினேன். அதற்கு டிக் என்று பெயராம். பேன்கேக் என்பது யாது என்று ஒரு கேள்வி. அது தின்கிற சாமான் என்பதுவரை எனக்குத் தெரியும், விட்டுவிட்டேன். லிபெரோ என்று ஒருவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே நிற்பாராம். எங்கள் ஊரில் வேறு சட்டை போட்டிருந்தால் அவன் கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தவன் என்று அர்த்தம். யார் சர்வீஸ் போட்டாலும் பாயிண்ட் உண்டா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் பாயிண்ட். அதையே எழுதினேன்.

முப்பதுக்கு ஒன்பது.

என் மகள் யாழினி முப்பதுக்கு இருபத்தொன்பது, ஆறு கோபுரத்துக்கும் அவள்தான் முதல். அப்போது வயது பதினாறு. பதினொன்றாம் வகுப்பு. வாலிபாலை அவள் தொட்டது ஒரே முறை, சோபாவிலிருந்து அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தபோது. அகராதியை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். பிளஸ் டூ முடித்து ஜெர்மனியில் படிக்கப் போகிறாளாம், அதற்குத் தலைமைப் பண்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் நிரப்ப அவளிடம் ஒன்றுமில்லையாம். ஒரு வருஷமாக அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.

பலகையில் மதிப்பெண் ஒட்டியிருந்தார்கள். எங்கள் பி டவர் வரிசையில் முதலில் அவள் பெயர். கடைசியில் என் பெயர். அங்கே நின்ற தேஷ்பாண்டே என் முதுகில் தட்டி, "யாலினி பேட்டிக்கு அம்மா மூளை போல, அண்ணா" என்றார். இந்தியில் பேட்டி என்றால் மகள், செல்லமாகக் கூப்பிட்டால் பேட்டா. இந்த ஊரில் யாருக்கும் ழ வராது. அதுகூடப் பரவாயில்லை. என் மகளும் தன் பெயரை யாலினி என்றுதான் சொல்கிறாள்.

3

மறுதேர்வு பத்து நாளில். யாழினி எனக்குப் பாடம் நடத்தினாள். சாப்பாட்டு மேசையில் சின்னச் சின்ன அட்டைகள், ஒரு பக்கம் சொல், மறுபக்கம் விளக்கம்.

"டபுள் கான்டாக்ட்னா என்னப்பா?"

எழுந்து நின்று காற்றில் செய்து காட்டினேன். ஒரு கை முந்தி, ஒரு கை பிந்தி.

"ஆக்ஷன் வேண்டாம்பா. வேர்ட்ஸ்ல சொல்லுங்க."

"ரெண்டு கையும் ஒரே நேரத்துல படாம..."

"இன் இங்கிலீஷ்."

இங்கிலீஷில் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆக்சுவலி, நீங்க வாயத் திறந்தா எல்லாம் போயிடுது. கையில எல்லாம் கரெக்டா இருக்கு."

அது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், அந்தப் பத்து நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் எட்டாவது படித்தபோது கடைசியாக என்னோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு என்பது வைஃபை வேலை செய்கிறதா இல்லையா என்பதுதான். இப்போது தினமும் ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து என்னைத் திட்டினாள். நான் வேண்டுமென்றே சிலதைத் தப்பாகச் சொன்னேன்.

பேன்கேக் வந்தது. பந்து தரையைத் தொடப் போகிற நேரத்தில் குப்புற விழுந்து, உள்ளங்கையைத் தரையோடு தரையாகத் தள்ளி, அதன் புறங்கையில் பட்டுப் பந்து எழும்பச் செய்வது. விளக்கத்தை அவள் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் எங்கள் ஊர்த் தேரிச் செம்மண்ணில் நூறு தடவை செய்து முழங்கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டென்று யாரும் சொன்னதில்லை. "கைய வச்சி எடுத்துட்டான்" என்பார்கள், அவ்வளவுதான். உடனே ஹாலில் விழுந்து காட்டினேன். கீழ்வீட்டிலிருந்து இண்டர்காமில் கூப்பிட்டார்கள்.

செல்வி இண்டர்காமில் இந்தியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். "அம்பது வயசுல பரீட்சைக்குப் படிக்கிற மனுசன இந்த டவர்லயே ஒங்களத்தான் பாக்கேன்."

"நாப்பத்தொம்பது" என்றேன்.

மறுதேர்வில் இருபத்தொன்று. பேன்கேக்குக்கு முழு மதிப்பெண்.

4

பி டவர் அணியில் என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. முதல் நாள் என்னைச் சம்பிரதாயத்துக்குத்தான் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததும் அடிக்கிற பையன்கள் இரண்டு பேரும் என் பக்கத்திலேயே நிற்கத் தொடங்கினார்கள். பந்து அவர்கள் கைக்கு வந்து நின்றது, அடிப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மைதானத்தில் நடுவர் கிடையாது. யாருக்குக் கால் சுளுக்கியிருக்கிறதோ அவன்தான் அன்றைக்கு நடுவர். அவன் பாதி நேரம் வேடிக்கை பார்ப்பான். அதனால் பந்து யார் விரலில் உரசிவிட்டு வெளியே போனதோ அவன் கையைத் தூக்கிவிடுவான். வாய் திறக்க மாட்டான். கை மேலே போகும், இறங்கும், பந்து மறுபக்கம் போகும், அடுத்த சர்வீஸ். நாங்கள் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே பையன்கள் திரும்பிப் போகிற வழியில் அடுத்தவன் தோப்பில் இளநீர் இறக்குவார்கள். கை தூக்காவிட்டால் சண்டை வரும், இருட்டிவிடும், ஆட்டம் போய்விடும், அவ்வளவுதான் காரணம். ஒருவன் தூக்கவில்லை என்று தெரிந்தால் அன்று முழுக்க நான் அவனுக்குப் பந்து தூக்கிக் கொடுக்க மாட்டேன். பூஸ்டருக்கு அந்த அதிகாரம் உண்டு. அவன் காய்ந்துபோய் நின்றுவிட்டு மறுநாள் ஒழுங்காகத் தூக்குவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சி டவரோடு இறுதிப் போட்டி. எலக்ட்ரீஷியனின் அலுமினிய ஏணியில் உச்சிப் படிக்கு ஒரு படி கீழே யாழினி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விசில், தலையில் தொப்பி. கீழே செல்வி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, யாழினி நன்றாகத்தான் நடத்தினாள். கால் கோட்டை மிதித்ததைப் பிடித்தாள், வலையைத் தொட்டதைப் பிடித்தாள். என் பந்துக்கே ஒருமுறை டபுள் கான்டாக்ட் என்று விசில் ஊதினாள். அது சரியான தீர்ப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆளுக்கொரு செட். மூன்றாவதில் நாங்கள் பதினான்கு, சி டவர் பதின்மூன்று. இன்னும் ஒரு பாயிண்ட். சி டவர் கேப்டன் விக்ராந்த் ஆறடி உயரம், அடித்தால் சத்தம் கேட்கும். சுழற்சியில் நான் முன்வரிசைக்கு வந்திருந்தேன். அவன் எழும்பினான், நானும் எழும்பினேன். நான் எழும்பியதற்கும் தரைக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளை நுழைக்கலாம், அதற்கு மேல் இல்லை. பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. விசில். யாழினி எங்கள் பக்கம் கையை நீட்டிவிட்டு, இரண்டு முன்கைகளையும் நேராகத் தூக்கிக் காட்டினாள். பந்து வெளியே. எங்களுக்கு வெற்றி. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள்.

அப்போது என் வலது கை மேலே இருந்தது. யார் தூக்கினார்கள் என்று எனக்கே தெரியாது. நடுவிரல் நகத்தில் ஒரு சுருக்கென்ற உரசல், அது மட்டும் தெரியும். முப்பது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே போய்விட்டது.

மைதானம் அடங்கியது. யாழினி மேலேயிருந்து கேட்டாள். "அப்பா? வாட்?"

"டச்சும்மா" என்றேன். "நகத்துல பட்டுட்டு."

5

ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக அந்த நிமிஷத்தில் நினைத்தேன் என்றால் அது பொய். பயம்தான் வந்தது. ஏனென்றால் யாழினியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

எங்கள் அணிப் பையன்கள் என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன். விக்ராந்த் வலைக்கு அடியில் குனிந்து வந்து தாழ்ந்த குரலில் கேட்டான், "அண்ணா, உங்க டீம்ல ஏதாவது பிரச்சினையா?" எதிரணிக்காரன் சும்மா ஒரு பாயிண்ட் தருவான் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. உள்குத்து இருக்கும் என்று தீர்மானித்துவிட்டான்.

தேஷ்பாண்டே அகராதியோடு வந்தார். கையைத் தூக்குவது என்று ஒரு சொல் பதினொரு பக்கத்திலும் இல்லை. நடுவரின் முடிவே இறுதியானது என்பது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நடுவர் முடிவை மாற்றும் நோக்கத்தில் சைகை செய்வது ஒழுங்கீனம் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி, கோப்பையை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார். விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாழினி ஏணியிலிருந்து இறங்கி என்னைத் தாண்டிப் போனாள். வீட்டில்தான் பேசினாள்.

"நீங்க எல்லார் முன்னாடியும் என்னை ராங் ஆக்கிட்டீங்க. என் ஓன் ஃபாதர்."

"ஒன்னத் தப்புன்னு சொல்லல, யாழி. எங்க ஊர்ல அது நடுவருக்கு ஒத்தாச. அவருக்குத் தெரியாததச் சொல்லுதது."

"இது உங்க ஊர் இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள். செல்வி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. பேக்டரில இத்தன வருசமா எத்தன தப்பப் பாத்துட்டு வந்து எங்கிட்டப் பொலம்பிருக்கிய. அங்க ஒரு நாளாவது இந்தக் கையத் தூக்குனியளா? புள்ள சர்ட்டிபிகேட்டுல வந்துதான் தூக்கணுமா?"

அளவு ஒரு மயிரிழை தப்பிய சாமான்களுக்கு, விலகல் ஏற்கப்பட்டது என்று நான் போட்ட கையெழுத்துகளை அடுக்கினால் இந்தச் சுற்றறிக்கையை விடத் தடிமனாக இருக்கும். மேலே இருப்பவர் போடு என்பார், போடுவேன். அந்தக் கையும் இதே கைதான். அதற்கு மைதானத்தில் மட்டும்தான் பழக்கம். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் செயலியில் எனக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. பதிலை அதிலேயே புகாராகப் பதிய வேண்டுமாம். வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பார்க்கிங், வளர்ப்புப் பிராணி, குழாய், சத்தம், பூச்சி, இதர. இதரவை அழுத்தினேன். மறுநாள் காலையில் கரப்பான் மருந்து அடிக்கிறவர் வாசலில் வந்து நின்றார். ஐயா நான் கேட்டது வாலிபால் என்றேன். அதெல்லாம் தெரியாது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். புகார் தீர்க்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் செய்தி வந்தது.

அன்று மாலை தேஷ்பாண்டே என்னைத் தோட்டப் பக்கம் கூட்டிப் போனார். கெட்ட மனிதர் இல்லை. "அண்ணா, சிம்பிள். சந்தோஷத்தில் கையைத் தூக்கினேன், வேறு அர்த்தம் இல்லை என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஆட்டம் உங்களுக்கு. பேட்டியின் தீர்ப்பும் சரி. நான் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் நடுவருக்குத் தகுதியில்லை என்று ஆகும். அப்புறம் நான் எதில் கையெழுத்துப் போடுவது?"

வீட்டுக்கு வந்து எழுதினேன். சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை, எழுதினேன். நகமாவது பந்தாவது. அவள் ஜெர்மனி போக வேண்டும். இரண்டு வரி எழுதுவதற்குள் என் இங்கிலீஷ் கால் தடுக்கியது. யாழினியிடம் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு நாளாக என்னோடு பேசாதவள் வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"செலிபிரேஷன்ல தூக்கினீங்களா?"

"அப்படித்தாம்மா."

"அந்த டைம்ல உங்க ஃபேஸ் அப்படி இல்லையே."

ஓர் எழுத்துப்பிழையையும் இரண்டு வினைச்சொற்களையும் திருத்திக் கொடுத்தாள்.

6

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளப் ஹவுஸில் விசாரணை. நீள மேசை. தேஷ்பாண்டே, குழு உறுப்பினர்கள் இரண்டு பேர், ஒரு தட்டில் பாக்கர்வடி. எதிர்ப்பக்கம் நானும் யாழினியும். விக்ராந்தும் வந்திருந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. சான்றிதழ் மேசைமேல் இருந்தது. பெயர் அச்சிட்டு, முத்திரை குத்தி, கையெழுத்து மட்டும் பாக்கி. யாலினி என்றுதான் அச்சிட்டிருந்தார்கள்.

என் கடிதத்தைத் தேஷ்பாண்டே உரக்கப் படித்தார். அழகான இங்கிலீஷ். மகிழ்ச்சிப் பெருக்கில் கை உயர்ந்ததாகவும், அதனால் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துவதாகவும் இருந்தது. குழு உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். நான் மேசை விரிப்பின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"அப்போ முடிஞ்சுது" என்று பேனாவை எடுத்தார். "பேட்டா, நீ நடுவர். ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேட்கிறேன். பந்து அப்பா கையில் படவில்லை, நீ பார்த்தாய். சரிதானே?"

யாழினி அந்தச் சான்றிதழைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

கேள்வி கேட்கிற பிள்ளை தூக்குவதுபோல விரலை நீட்டித் தூக்கவில்லை. முழங்கை கொஞ்சம் மடங்கி, உள்ளங்கை விரிந்து, தோளுக்குச் சற்று மேலே. நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஏணிமேலிருந்து ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

"என்ன கேட்கணும், கேள் பேட்டா" என்றார் தேஷ்பாண்டே.

"நத்திங் டு ஆஸ்க், அங்கிள். நான் பார்க்கல. நான் பின்னாடி லைனைப் பார்த்துட்டு இருந்தேன், பால் எங்க விழுதுன்னு. அவங்க கையைப் பார்க்கல. அது என் தப்பு." கை அப்படியே இருந்தது. "அந்த லெட்டர் உண்மை இல்ல. கிராமர் நான்தான் கரெக்ட் பண்ணேன். அதுவும் என் தப்பு."

எல்லாம் இங்கிலீஷில் சொன்னாள், நான்தான் தமிழில் போட்டிருக்கிறேன். ஒரு சொல்கூட அகராதியில் இருந்து இல்லை.

தேஷ்பாண்டே அகராதியைப் புரட்டினார். ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பக்கம், மறுபடி ஒன்பது. விக்ராந்த் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். உள்குத்து எதுவும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். "கையை இறக்கு பேட்டா" என்றார் ஓர் உறுப்பினர். "குறிப்பில் எழுதுங்க அங்கிள், அப்புறம் இறக்கறேன்" என்றாள்.

நான் தொடைக்கு அடியிலிருந்து என் கையை எடுத்துத் தூக்கினேன். இந்தத் தடவை மூளையைக் கேட்டுத்தான் தூக்கினேன். ஒரே மேசையில் இரண்டு கைகள். ஒழுங்கீனம் இரண்டு என்று ஓர் உறுப்பினர் எண்ணுவது எனக்குக் கேட்டது.

தேஷ்பாண்டே குறிப்பில் எழுதினார். பேனாவை மூடினார். சான்றிதழை எடுத்து, பூட்டுப் போடுகிற அந்த அலமாரியிலேயே, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப்படும் என்றார். பொதுக்குழுவில் டேங்கர் தண்ணீரைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை. கோப்பை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சான்றிதழும்தான். ஜெர்மனிக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. பதிலாகத்தான் இந்தப் புது விதி வந்திருக்கிறது.

அன்று லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஜெர்மனி போய்விட்டதே என்று ஒரு பக்கம், இவளை நான் பார்க்காமலே இருந்துவிட்டேனே என்று ஒரு பக்கம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். எந்த மொழியிலும் வரவில்லை. அவள் வலது தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"கை வலிக்குதுப்பா. உங்க ஊர்ல எப்படி இவ்ளோ நேரம் தூக்கி வச்சுப்பாங்க?"

"அவ்வளவு நேரம் வேண்டாம் யாழி" என்றேன். "ஒரு செகண்டு போதும். தூக்கிட்டு எறக்கிரணும். அடுத்த சர்வீஸ் வந்துரும்லா."